ஏத்தி இறக்கும் கூலி

அந்தப் பையை இப்படிக் கொடுங்க சார், மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். மேலே கம்பியில் வைத்தால் எவனாவது முருங்கைக்காய்க் கட்டைத் தூக்கி அதன் தலையில் போட்டுவிடுவான். உள்ளே பெரிய சாமான் ஒன்றும் இல்லை. ரெண்டு சட்டை. ஒன்று புதுசு, ஒன்று பழசு. புதுசு கோளாறு. பழசு சாட்சி.

சிரிக்காதீங்க சார். திருநெல்வேலி வரைக்கும்தானே? அப்போ கேட்க நேரம் இருக்கிறது. கேட்டுவிட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்க. ஊரில் யாரிடமும் இதைக் கேட்க முடியவில்லை. அவனைத் தெரியாதவன் சங்கரன்கோவிலில் கிடையாது, என்னைத் தெரியாதவனும் கிடையாது. ரெண்டு பக்கமும் பொதுவாகத் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

என் பேர் கோமதிநாயகம். போர் மோட்டார் வேலை. ஆழ்துளைக் கிணறு என்று பேப்பரில் எழுதுகிறார்களே, அதுக்குள்ளே இறக்குகிற மோட்டார். இறக்குவது, ஓடவில்லை என்றால் ஏத்துவது, சரிபண்ணி மறுபடி இறக்குவது. இருபத்தி ஆறு வருஷமாக இந்த ஏத்து இறக்குதான் பிழைப்பு. வண்டி நுழையாத சந்தில் எல்லாம் இரும்புப் பைப்பை வலது தோளில் போட்டுக்கொண்டு நடந்தவன் நான். இப்போதும் நடக்கிறேன்.

முதலில் புதுச் சட்டை கதையைக் கேளுங்க. வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு என் மகள் இந்துமதிக்குக் கல்யாணம். பெண்ணைப் பெற்றவன் மேடையில் நிற்க ஒரு நல்ல சட்டை வேண்டாமா? திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் ஏசி போட்ட தையல் கடை ஒன்று. கண்ணாடிக் கதவு. உள்ளே போனால் உட்காரச் சொல்லிச் சின்ன பாட்டிலில் தண்ணீர் தருகிறார்கள். மூச்சுவிடுவதற்குள் அளவு எடுத்தாயிற்று. ஒரு பையன் நம்பரைச் சொல்கிறான், இன்னொருவன் கம்ப்யூட்டரில் தட்டுகிறான். அட, இதுவல்லவா கடை என்று எனக்கும் ஒரு பெருமை.

சட்டையைக் கொண்டுவந்து வீட்டில் போட்டுப் பார்க்கிறேன், வலது பக்கம் சரிந்து தொங்குகிறது சார். காலர் ஒரு பக்கம் காதைத் தொடப் போகிறது, இன்னொரு பக்கம் படுத்துக் கிடக்கிறது. பட்டன் வரிசை இடுப்புக்கு வரும்போது கோணி எங்கேயோ போகிறது. என் வீட்டுக்காரி உலகம்மாள் பார்த்துவிட்டு, யாரோ உங்களைச் சுவரில் சாய்த்து வைத்த மாதிரி இருக்கிறது என்றாள். கல்யாண வீட்டில் சொல்கிற பேச்சா அது?

கடைக்குப் போன் போட்டேன். கொண்டு வாங்க சார், ஆல்டர் பண்ணிவிடலாம், முந்நூறு ரூபாய் ஆகும் என்கிறான். எனக்கு வந்ததே கோபம். நீ தைத்த சட்டை, நீ பண்ணின கோளாறு, அதைச் சரிபண்ண நான் கூலி கொடுக்கணுமா? எந்த ஊர் நியாயம் இது? காசு வாங்கிக்கொண்டு ஒரு சாமானைக் கொடுத்தால், அது சரியாக இல்லை என்றால், வாயை மூடிக்கொண்டு சரிபண்ணித் தர வேண்டியது கடைக்காரன் கடமையா இல்லையா? நீங்களே சொல்லுங்க.

அவன் அதுக்கு ஒரு பதில் சொன்னான் பாருங்க. சட்டையில் கோளாறே இல்லையாம். அளவுக்கு வெட்டி, நேராகத்தான் தைத்திருக்கிறார்களாம். என் தோள்தான் ஏறி இறங்கி இருக்கிறதாம். வலது தோள் ஒரு விரல்கடை கீழே கிடக்கிறதாம். அதுக்குத் தனியாக வெட்டித் தைக்கணும் என்றால் அது தனி வேலையாம். செய்த தப்பைக் கஸ்டமர் உடம்பு மேல் போடுகிற கடையை நான் இப்போதுதான் பார்க்கிறேன். பத்தொன்பது வருஷம் தைத்த சட்டை போட்டிருக்கிறேன் சார். ஒரு சட்டை, ஒரே ஒரு சட்டை, இப்படிக் கோணி நின்றது கிடையாது. தோள் கோணல் என்றால் அந்தச் சட்டையெல்லாம் எப்படி நேராக நின்றது?

அதுக்குத்தான் பழைய சட்டை. எடுத்து மேஜைமேல் விரித்து, இதைப் பார், இது நேராக நிற்கிறது, உன்னுடையது ஏன் நிற்கவில்லை என்று கேட்கப் போகிறேன். இந்த யோசனை என்னுடையது இல்லை. பழைய சட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்க என்று சொன்னதே உலகம்மாள்தான். அவளே தேய்த்து, மடித்து, பையில் வைத்தாள்.

என்ன கேட்டீங்க? அந்தப் பழைய சட்டையைத் தைத்தவனிடமே போக வேண்டியதுதானே என்கிறீங்களா?

சுத்திச் சுத்தி அங்கேதான் சார் எல்லோரும் வருகிறார்கள்.

அவன் பேர் செய்யது மசூது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னக் கடை, ஒரு மெஷின், ஒரு மேஜை, தானே வெட்டித் தானே தைப்பான். பத்தொன்பது வருஷமாக என் உடம்பில் ஏறின சட்டையெல்லாம் அவன் கையால் ஏறினதுதான். காலையில் வேலைக்குப் போகும் முன்னால் அங்கே போய் ஒரு டீ. சாயங்காலம் கைகால் கழுவிவிட்டு அங்கே போய் ஒரு டீ. 'வே கோமதி' என்றுதான் கூப்பிடுவான். முழுப் பேர் சொன்னால் வாய் வலிக்குமாம். நானும் அவனை 'வே' போட்டுத்தான் பேசுவேன். பாய் என்று கூப்பிட்டால், ஏன் வே, நீரு எனக்குக் கடன் வச்சிருக்கீரா என்பான்.

வேலையில் ஆமை. என்னை அளவெடுக்க நின்றானென்றால் டீ ஆறிப் போகும். இடது தோளை ஒரு தடவை அளப்பான், வலது தோளை ஒரு தடவை அளப்பான், பின்னால் போய் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பான். உம்ம கடையில டேப்பு பாதிதான் இருக்கா வே, ஒரே தடவையில அளக்கக்கூடாதா என்று நான் கிண்டல் பண்ணுவேன். பேசாம நில்லும் வே, உம்ம மக கல்யாணத்தன்னைக்காவது உம்மை மனுசனாக் காட்டணும்னு நான் பழகிக்கிட்டு இருக்கேன் என்பான்.

அவனிடம் ஒரு வழக்கம். அவன் தைத்த துணியில் நூல் விட்டால், எத்தனை வருஷம் கழித்துக் கொண்டுபோனாலும் காசு வாங்கமாட்டான். பத்து வருஷத்துப் பேண்டைக் கொண்டுவருவார்கள் சார். துணியே நைந்து போயிருக்கும். என் நூலு விட்டுருக்கு, என் பொறுப்பு என்று உட்கார்ந்து தைத்துக் கொடுப்பான். நான்கூடத் திட்டியிருக்கிறேன், இப்படிப் பிழைத்தால் எப்படி என்று.

அப்பேர்ப்பட்டவன் போன வருஷம் ஊருக்கு மேற்கே ஒரு துண்டு இடம் வாங்கி வீடு கட்டினான். போர் போட்டான். இருநூற்று எண்பது அடியில் தண்ணீர். மோட்டார் போடணும். கோயம்புத்தூர் மோட்டார் ஒன்று இருக்கிறதே, ஊரில் பாதி வீட்டில் ஓடுவது, அதைத்தான் போடணும் என்று அவன் நினைத்து வைத்திருந்தான். நான்தான் வேண்டாம் என்றேன். வேறொரு கம்பெனியைச் சொன்னேன். கம்பெனி பேர் எதுக்கு சார், இன்னும் பத்துப் பதினோரு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. விலையும் ரெண்டாயிரம் குறைச்சல், ஒரு வருஷம் வாரண்டி. நான் இருக்கும்போது உமக்கு என்ன வே கவலை, எதுனாலும் நான் பார்த்துக்கிடுதேன் என்றேன். சரின்னுட்டான். வேறு எதையும் கேட்கவில்லை.

அந்தக் கம்பெனியில் பெட்டிக்குள்ளே ஒரு கூப்பன் வைப்பார்கள். தெர்மகோலுக்கு அடியில் கிடக்கும். வாங்குகிறவனுக்கு இல்லை, மாட்டுகிறவனுக்கு. எங்கள் தொழிலில் எல்லா இடத்திலும் உள்ளதுதான். பைப்பில் உண்டு, ஒயரில் உண்டு, பெயிண்டுக்காரர்களுக்கு டப்பா மூடியில் உண்டு. எடுக்காவிட்டால் குப்பைக்குத்தான் போகும். அந்த வருஷம் பன்னிரண்டு கூப்பன் சேர்த்தால் ஒரு கிராம் தங்கக் காசு என்று போட்டிருந்தார்கள். மகள் கல்யாணத்துக்கு ஆகுமே என்று எடுத்து வைத்தேன். அதுக்காகத்தான் அந்த மோட்டாரைச் சொன்னேன் என்று நீங்க நினைக்கக்கூடாது. நல்ல மோட்டார் என்றுதான் சொன்னேன். அந்த வருஷம் பதினோரு வீட்டில் அதையேதான் போட்டேன். நல்லா இல்லை என்றால் பதினோரு வீட்டில் போடுவேனா?

போன ஐப்பசியில் இறக்கினது. பங்குனி பிறந்து நாலு நாள், மோட்டார் நின்றுவிட்டது.

அவர்களுக்கு நோன்பு மாசம் அது. மசூதுக்கு வருஷத்தில் பாதிச் சம்பாத்தியம் பெருநாளுக்கு முந்தின அந்த ஒரு மாசத்தில்தான். கடையில் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டே, வே கோமதி, வீட்டுல தண்ணி வரலையாம், என்னன்னு பாரும் என்றான். அவ்வளவுதான் சொன்னான். நானும் அன்றைக்கே போனேன். என்னோடு வேலை பார்க்கிற மாரியப்பனையும் அவன் மச்சினனையும் கூட்டிக்கொண்டு போய், போர் மேலே இரும்பு முக்காலி நட்டு, செயின் போட்டு, மோட்டாரை ஏத்தினோம். ஏத்துவது என்றால் ஏதோ வாளி இறைப்பது மாதிரி நினைத்துவிடாதீங்க. இருபது அடிப் பைப் பதினாலு. ஒவ்வொன்றாகத் தூக்கி, கிளாம்பில் பிடித்து, கழற்றி, தோளில் சுமந்து ஓரமாக அடுக்கணும். ஒரு கிளாம்ப் நழுவினால் பைப்பும் மோட்டாரும் மொத்தமும் உள்ளே போகும். அப்புறம் போரையே மறந்துவிட வேண்டியதுதான். பங்குனி வெயில். கையில் கிரீஸ். நாலு மணி நேரம்.

மோட்டாரைத் தென்காசி டீலரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் இஞ்சினியர் வந்து பார்க்கணும் என்றார்கள். இஞ்சினியர் எட்டு நாள் கழித்து வந்து பார்த்து, உள்ளே சுற்றியிருக்கிற கம்பியில் கோளாறு, தயாரிப்பிலேயே உள்ள கோளாறு, மாட்டினவர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது சார். மாட்டினவர் மேல் தப்பில்லை. கொட்டை எழுத்தில். ஒன்பதாம் நாள் புது மோட்டார் கொடுத்துவிட்டார்கள், ஒரு பைசா வாங்கவில்லை.

நடுவில் ஒன்பது நாள் மசூது வீட்டில் தண்ணீர் இல்லைதான். அவன் சம்சாரம் நோன்போடு மூணு தெரு தள்ளிப் போய்க் குழாயில் குடம் பிடித்தது என்று பிற்பாடு உலகம்மாள் சொன்னாள். எனக்கும் அப்போது சீசன், ஒரு நாளைக்கு ரெண்டு வீடு. நான் என்ன பண்ண முடியும்? மோட்டாரை நான் பிடித்து வைத்திருந்தேனா?

இப்போ விஷயத்துக்கு வருகிறேன்.

புது மோட்டார் இறக்குகிற அன்றைக்கு மசூது கடையை அரை நாள் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தான். அந்தச் சமயத்தில் அரை நாள் சாத்துவது அவனுக்குப் பெரிசு. போருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் பெட்டியை உடைத்தேன். தெர்மகோலுக்கு அடியில் கையை விட்டேன், கூப்பனை எடுத்தேன், சட்டையின் உள்பையில் வைத்தேன். அந்த உள்பையும் அவன் வைத்துத் தைத்ததுதான், வேலையில் குனியும்போது சில்லறை விழுகிறது என்று ஒரு தடவை சொன்னேன் என்பதற்காக. அப்புறம் மோட்டாரை எடுத்தேன். பாத்துக்கிடுங்க, பன்னிரண்டாவது கூப்பன் அது. பங்குனி முடிந்தால் திட்டம் முடிந்தது. இனி எவன் மோட்டார் போடப் போகிறான், பதினொன்றோடு நின்றுவிடுமே என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இது கெட்டுப்போய், மாற்று மோட்டார் வந்து, அதுக்குள்ளேயும் ஒரு கூப்பன். கடவுளாகப் பார்த்து அமைத்தது என்று நினைத்தேன். அவனுக்குப் புது மோட்டார், எனக்குத் தங்கக் காசு. இதில் யாருக்கு சார் நஷ்டம்?

இறக்கி முடித்துச் சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் கொட்டியது. எல்லோருக்கும் சந்தோஷம். நோன்போடு இருந்தும் அவன் சம்சாரம் எங்கள் மூணு பேருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தது. குடித்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு, நான் சொன்னேன். ஏத்தினதுக்கும் இறக்கினதுக்கும் சேர்த்து நாலாயிரத்து ஐநூறு வே.

வெளியே ஆறாயிரம் சார். அவனுக்காகக் குறைத்துச் சொன்னேன். மாரியப்பனும் அவன் மச்சினனும் எனக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. சாயங்காலமானால் அவர்கள் கையில் நான் கூலி வைக்கணும்.

மசூது என்னைப் பார்த்தான். வாரண்டின்னு சொன்னீரே வே என்றான்.

வாரண்டி மோட்டாருக்கு, என் கைக்கு எவன் வாரண்டி குடுத்தான் என்றேன். சிரிப்பான் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. நான் தைத்த துணியில் நூல் விட்டால் நான் காசு வாங்குகிறேனா என்று கேட்டான். சத்தமாகக்கூட இல்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. உம்ம நூலு நீரு ஓட்டினது. இந்த மோட்டாரு நான் செஞ்சதா? செஞ்சவன் எங்கேயோ இருக்கான், அவனைக் கேளும் என்றேன். இதில் என்ன சார் தப்பு? தப்பு என்னுடையது இல்லை என்று இஞ்சினியரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அப்போதுதான் அவன் அந்த வார்த்தையைச் சொன்னான். "செஞ்சவன் எவன்னு எனக்குத் தெரியாது வே. எனக்குத் தெரிஞ்சது நீருதான்."

மாரியப்பன் செயினைச் சுற்றிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டான். அந்த நேரம் பார்த்து மசூது என் நெஞ்சைப் பார்க்கிறான். உள்பையை. பெட்டியிலேர்ந்து எடுத்து வச்சீரே, அது என்னது என்றான். நான் மறைக்கிற ஆள் இல்லை. சொன்னேன். கூப்பன், இன்ன விஷயம், இன்ன காசு. முதல் மோட்டாரிலும் எடுத்தீரா என்றான். எடுத்தேன் என்றேன்.

"கெட்டதுக்கும் உண்டு, மாத்தினதுக்கும் உண்டு. சரிதான்."

அவ்வளவுதான். உள்ளே போனான். வரும்போது கையில் சட்டை போட்டுக் கொடுக்கிற காகித உறை ஒன்று. அதில் நாலாயிரத்து ஐநூறு. எண்ணிப் பாருங்க என்றான்.

கேட்டீங்களா சார்? எண்ணிப் பாருங்க. பாரும் இல்லை. பாருங்க.

கொடுத்துவிட்டான் சார். ஒரு நூறு ரூபாய் குறைத்துக்கொள்ளும் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆயிரம் குறைத்திருப்பேன். கொஞ்சம் கத்தியிருந்தால், போம் வே உம்ம காசு எனக்கு வேண்டாம் என்று போட்டுவிட்டே வந்திருப்பேன். பேரம் பேசாமல் கொடுக்கிறவனிடம் என்னத்தைச் சொல்ல? வாங்கிக்கொண்டு வந்தேன்.

ரெண்டு நாள் ஆறட்டும் என்று விட்டேன். பெருநாள் முடிந்ததும் கடைக்குப் போனேன், எப்போதும் போல. அவன் மெஷினை நிறுத்தினான். எழுந்து நின்றான். "வாங்க கோமதிநாயகம், உக்காருங்க" என்றான். முழுப் பேரும். ஸ்டூலைத் துணியால் துடைத்துப் போட்டான். டீ வாங்கிக் கொடுத்தான். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டான். பேங்க் மானேஜர் வந்தால் எப்படிப் பேசுவானோ அப்படி. பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் அந்தப் பக்கம் போகவில்லை. அஞ்சு மாசம் ஆயிற்று.

கோபப்பட்டால் சமாதானம் பண்ணலாம். பேசாமல் இருந்தால் நாம் போய்ப் பேசலாம். மரியாதை கொடுத்தால் என்ன சார் பண்ணுவது?

எனக்கு என்ன ஆத்திரம் என்றால், தப்பு யாருடையது? கம்பெனியுடையது. அவர்கள் ஒரு மோட்டாரைக் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். ஏத்தி இறக்கும் கூலி வாரண்டியில் வராது என்று புஸ்தகத்தில் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறதாம். அதை நானும் படித்ததில்லை, அவனும் படித்ததில்லை. கம்பெனிக்காரன் ஏசியில் உட்கார்ந்திருக்கிறான். வெயிலில் நின்ற நாங்கள் ரெண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. என் ஆட்கள் கூலி என் ஆட்களுக்கு வேணுமா வேண்டாமா? அவன் காசு கொடுத்து வாங்கினது ஓடணுமா வேண்டாமா? யோசித்துப் பார்த்தால் ரெண்டும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னுடையது கொஞ்சம் கூடுதல் சரி.

உலகம்மாள் ஒத்துக்கொள்ளமாட்டாள். தங்கக் காசு வந்த அன்றைக்கு ஆசையாகக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, இது மசூது அண்ணன் வீட்டுக் குடத்துத் தண்ணீர்தானே என்றாள். பீரோவில் வைத்தாள். மகள் நகையோடு சேர்க்கவில்லை, தனியாக வைத்தாள். கல்யாணப் பத்திரிகை அடித்து வந்ததும் முதல் வேலையாக அவன் பேரை அவளே எழுதினாள். நான் கொடுக்கமாட்டேன் என்றேன். கொடுக்காட்டிப் போங்க, பையிலே கிடக்கட்டும் என்று இந்தப் பையில் போட்டுவிட்டாள். அடியில் கிடக்கிறது பாருங்க, மஞ்சள் தடவி. போன வாரமே போட்டது. நான் எடுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

சரி, அதை விடுங்க. சட்டைக்கு வருவோம். தேவர்குளம் தாண்டியாச்சு, நேரம் இருக்கிறது. பழைய சட்டையை உங்களுக்கே காட்டுகிறேன், நீங்களே சொல்லுங்க, ஜங்ஷன் கடைக்காரன் பேச்சில் நியாயம் இருக்கிறதா என்று.

இதுதான். மூணு வருஷத்துக்கு முந்தித் தைத்தது. காலரைப் பாருங்க, கத்தி மாதிரி நிற்கும். இந்தச் சட்டையைப் போட்டு நான் கோணி நின்று எவனும் பார்த்தது கிடையாது. நல்ல சட்டை என்றால் என்ன? நடுவில் மடித்தால் இந்தத் தோளும் அந்தத் தோளும் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக உட்காரணும். இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க. இதோ இப்படி.

இருங்க. சரியாக மடிக்கவில்லை. பஸ் குலுங்குகிறது.

இப்போ பிடிங்க. காலர் நடுவில் ஒரு விரல். பட்டன் பட்டியில் ஒரு விரல்.

வலது தோள் கீழே நிற்கிறது.

துவைத்ததில் இழுத்திருக்கும் சார். மூணு வருஷத் துணி.

என்ன சொன்னீங்க? ஒரு பக்கம் மட்டும் எப்படி இழுக்கும் என்றா? அதுவும் சரிதான். கீழ் ஓரத்தைப் பாருங்க, ஓரம் ரெண்டு பக்கமும் இம்மி பிசகாமல் ஒட்டி நிற்கிறது. இழுத்திருந்தால் ஓரமும் இறங்கியிருக்கும். மேலே இறக்கி வெட்டி, கீழே அதுக்குத் தக்கன குறைத்திருக்கிறான். கைக்கும் அப்படித்தான், வலது கை மூட்டுற இடத்தில் வளைவே வேறு. இது துவைத்து வந்தது இல்லை சார். அளந்து வெட்டினது. வேலை பார்க்கிறவனுக்கு வேலை தெரியாமல் போகுமா? ஒரு விரல்கடை. ஜங்ஷன் கடைக்காரன் சொன்னது அதே ஒரு விரல்கடை.

அப்போ இடது தோளை ஒரு தடவை, வலது தோளை ஒரு தடவை அளந்தது.

இருங்க சார், கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

பைப் சுமந்த தோள் இது. இருபத்தி ஆறு வருஷம். இறங்கியிருக்கும். இறங்காமல் என்ன செய்யும்? எனக்குத்தான் தெரியவில்லை. கண்ணாடியில் நேராகத்தானே நின்றேன். நேராக நிற்கிற மாதிரி அவன் தைத்துப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். ஒவ்வொரு சட்டைக்கும். முந்நூறு ரூபாய் ஆகும், தனி வேலை என்கிறானே ஜங்ஷன்காரன், அந்தத் தனி வேலையை. ஒரு தடவை கூலி போட்டதில்லை. ஒரு தடவை வாயைத் திறந்து சொன்னதும் இல்லை. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? என் தோளைக் கோணல் என்கிறீரா வே என்று சண்டைக்குப் போயிருப்பேன்.

உலகம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது சார். துவைப்பது அவள், மடிப்பது அவள். இந்தச் சட்டையை மடிக்கும்போதெல்லாம் அவளுக்கு இந்தத் தோள் ஒட்டாமல் நின்றிருக்கும். சாட்சிக்குப் பழசைக் கொண்டுபோங்க என்று சொல்லித் தேய்த்துக் கொடுத்தாளே. யாருக்குச் சாட்சி என்று நான்தான் கேட்கவில்லை.

இது எந்த ஊர்? மானூரா? சார், கொஞ்சம் காலை ஒதுக்குங்க. நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். எதிரே சங்கரன்கோவில் வண்டி வரும். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, அவன் தொழுகைக்குப் போயிருப்பான், ரெண்டு மணிக்குத்தான் கடை திறப்பான். அதுக்குள்ளே போய்விடலாம்.

சட்டைகளை அப்படியே பைக்குள் போடுங்க, கசங்கினால் கசங்கட்டும். அந்தப் பத்திரிகையை மட்டும் எடுத்து மேலே வையுங்க. ஆமாம், அதுதான்.

புதுச் சட்டையை அவன் மேஜையில் வைத்துவிட்டு, இதைச் சரிபண்ண எவ்வளவு கூலி வே என்று கேட்கப் போகிறேன். போம் வே, உமக்கெல்லாம் ஒரு சட்டையா என்று அவன் திட்டினால் பிரச்சினை இல்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, உக்காருங்க கோமதிநாயகம், முந்நூறு ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டான் என்றால்?

கொடுத்துவிடுவேன் சார். பேரம் பேசாமல் கொடுத்துவிடுவேன். கொடுத்துவிட்டு, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மகள் கல்யாணத்தில் எப்படி நிற்பேன் என்பதுதான் தெரியவில்லை.

இறங்குறேன் கண்டக்டர், விசில் கொடுத்துவிடாதீங்க.